ஒரே செடி, பல மலைகள்

இலங்கை மலையகத்தின் நோட்டன் பிரிட்ஜைச் சுற்றி எந்தப் பாதையில் ஏறினாலும் இரண்டு விதமான தேயிலை மலைகள் கண்ணில் படும். ஒரு மலையில் செடிக்குச் செடி நிறம் மாறும். ஒன்று கரும்பச்சை, பக்கத்தில் நிற்பது மஞ்சள் ஓடிய பச்சை. ஒன்றின் இலை உள்ளங்கை நீளம், அடுத்ததன் இலை இரண்டு விரல் அகலம். ஒன்று கொழுந்து விட்டிருக்கும், பக்கத்துச் செடி இன்னும் சும்மா நிற்கும். அது விதைத் தேயிலை, வெள்ளைக்காரத் துரைமார் காலத்து மலை. இன்னொரு மலையில் முதல் நிரையிலிருந்து கடைசி நிரை வரை ஒரே பச்சை, ஒரே இலை, ஒரே சமயத்தில் கொழுந்து. அதைத் தோட்டத்தில் ‘வீ.பி. மலை’ என்பார்கள்.

வீ.பி. மலையில் ஒன்றைப்போல ஒன்றாகப் பல ஆயிரம் செடிகள் நிற்பதாகத்தான் நாம் நினைக்கிறோம். உயிரியல் கணக்குப்படி அங்கே நிற்பது ஒரே செடி. எப்போதோ ஒரு விதைக்குள் கருவான ஒரேயொரு கலம் இரண்டானது, இரண்டு நான்கானது. அந்தப் பிரிவு இன்னும் நிற்கவில்லை. தலவாக்கலையிலும் நோட்டன் பிரிட்ஜிலும் தெனியாயவிலும் ஒரே வேளையில் அது நடந்துகொண்டிருக்கிறது. தேயிலை ஆராய்ச்சி நிலையம் ‘டீ.ஆர்.ஐ. 2025’ என்று இலக்கமிட்ட, இலங்கையில் மிகப் பரவலாக நடப்பட்ட செடிகளில் ஒன்றின் பயணம் இது.

ஒரு கலம் எப்படி இரண்டாகிறது என்பதைப் பாடப்புத்தகம் சொல்லித் தருகிறது. எப்போது அது பிரியாமல் பொறுத்திருக்க வேண்டும் என்பதை இந்தச் செடி சொல்லித் தருகிறது. தேயிலைத் தொழில் முழுவதும் அந்தப் பொறுத்திருத்தலின் மேல்தான் நிற்கிறது.

அசாமிலிருந்து தலவாக்கலைக்கு

தேயிலை இந்தத் தீவுக்கு வந்த வழி பலரும் அறிந்ததே. 1839 டிசம்பரில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்திலிருந்து அசாம் தேயிலை விதைகள் பேராதனைக்கு வந்தன. 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869-ல் கோப்பிச் செடியில் இலைத்துரு நோய் தலைகாட்டியது. அடுத்த இருபது வருடங்களில் கோப்பி மலைகளெல்லாம் தேயிலை மலைகளாயின. கடல் கடந்து வந்த தமிழ்நாட்டுச் சனங்களின் கைதான் அந்தக் கோப்பியைப் பிடுங்கியது, இந்தத் தேயிலையையும் நட்டது.

அப்போது நட்டதெல்லாம் விதை. தேயிலைப் பூ தன் மகரந்தத்தைத் தானே பெரும்பாலும் ஏற்காது, வேறு செடியின் மகரந்தம் வேண்டும். தேயிலையின் ஒவ்வொரு கலத்திலும் 30 நிறமூர்த்தங்கள் உண்டு. விதை உருவாகும்போது தாயிடமிருந்து 15, தகப்பனிடமிருந்து 15 வந்து சேர்கின்றன. எந்தப் பதினைந்து சேரும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் ஒரே மரத்து விதைகளை ஒரே குழிநிரையில் நட்டாலும் நூறு செடியும் நூறு விதமாக வரும். அவற்றில் சில அள்ளிக் கொடுக்கும். பெரும்பாலானவை நடுத்தரம். சில உரத்தைத் தின்றுவிட்டுச் சும்மா நிற்கும்.

1925-ல் தொடங்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்ட பின், அள்ளிக் கொடுக்கும் செடியை அப்படியே பெருக்க முடியுமா என்ற கேள்வி எழுந்தது. விதை வழியாகப் போனால் அந்தச் செடி திரும்பி வராது. அதன் உடம்பிலிருந்தே ஒரு துண்டை எடுத்து வேர் விடச் செய்ய வேண்டும். எஃப். ஆர். டப்ஸ் என்ற ஆய்வாளர் 1930-களின் தொடக்கத்திலேயே சென் கூம்ஸில் பச்சைத் தண்டுத் துண்டுகளை வைத்து அதைச் செய்து பார்த்தார். அந்த வேலையின் தொடர்ச்சிதான் வீ.பி., அதாவது விதையில்லாமல் உடம்புத் துண்டிலிருந்து பெருக்குவது.

நம் செடியின் தாய் அசாம் வகையைச் சேர்ந்தது. பதிவேட்டில் அதன் பெயர் ஏ.எஸ்.எம். 4/10. தகப்பன் யார் என்று எழுதி வைக்கவில்லை, பூச்சிகள் கொண்டுவந்த மகரந்தம் அது. அந்தத் தாயின் பிள்ளைகளை வரிசையாக நட்டு வருடக்கணக்கில் கவனித்தார்கள். எது அதிகம் கொழுந்து விடுகிறது, எது வறட்சியைத் தாங்குகிறது, எதன் துண்டு லேசாக வேர் பிடிக்கிறது என்றெல்லாம் பார்த்தார்கள். 1946-ல் கொப்புள நோய் இலங்கைக்கு வந்து இளங்கொழுந்தையே அரிக்கத் தொடங்கியதும், நோயை எது தாங்கும் என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. தேறிய பிள்ளைகள் ‘2020 வரிசை’ என்று பெயர் பெற்றன. அந்த வரிசையில் ஒன்றுதான் 2025. விளைச்சலும், பல உயரங்களில் ஒத்துப்போகும் குணமும் அதைக் கடந்த நூற்றாண்டின் பிற்பாதியில் மலைக்கு மலை கொண்டுசென்றன.

அப்படிப் போன இடங்களில் ஒன்று நோட்டன் பிரிட்ஜ். ஹட்டனிலிருந்து ஒரு பாதை அங்கே இறங்கும். கெஹெல்கமு ஓயாவை மறித்த நோட்டன் அணை, 1950-லிருந்து மின்சாரம் தரும் பழைய லக்ஷபான நிலையத்துக்குத் தண்ணீர் அனுப்புகிறது. தென்மேற்கு மழை நேரே முகத்தில் அடிக்கும் சரிவு. மண் புளிப்பு. தேயிலைக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. 2025-ஐ இங்கே கொண்டுவருவதற்கு ஒரு செடி கூட வேண்டியதில்லை. ஓர் இலையும் ஒரு கணுவும் போதும்.

தவறணையில்

தாய்ச்செடியைக் கவ்வாத்து வெட்டிவிட்டு, பறிக்காமல் சில மாதம் வளர விடுவார்கள். நீண்டு வந்த கிளையின் நுனி மிக இளசு, அடி மிக முற்றல். இரண்டையும் ஒதுக்கிவிட்டு நடுப்பகுதியை எடுத்து, கூரிய கத்தியால் சாய்வாக நறுக்குவார்கள். ஒவ்வொரு துண்டிலும் ஒரு முழு இலை, அதன் அக்குளில் ஒரு சிறு மொட்டு, கீழே ஓரங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட தண்டு. துண்டைத் தண்ணீரில் நனைத்து, மண் நிரப்பிய பொலித்தீன் பையில் ஊன்றி, கன்று வளர்க்கும் தவறணையில் நிழலுக்குள் வைத்து மூடுவார்கள்.

அடுத்த சில வாரங்களுக்கு மேலே ஒன்றும் தெரியாது. கன்று பிடித்ததா என்று இழுத்துப் பார்ப்பவரைத் தவறணை அக்காமார் விடமாட்டார்கள். நடப்பதெல்லாம் மண்ணுக்குள் இருக்கும் அந்த வெட்டுவாயில்தான்.

வெட்டுப்பட்ட இடத்தில் சில கலங்கள் செத்து, அந்த வாயை மூடுகின்றன. அவற்றுக்குச் சற்று மேலே உயிரோடு இருக்கும் கலங்கள் அதுவரை தண்டின் கலங்களாக, தத்தம் வேலையில் அடங்கி இருந்தவை. பிரிவதை நிறுத்திப் பல நாளானவை. வெட்டு அவற்றை எழுப்புகிறது. தங்கள் பழைய வேலையை மறந்து அவை மறுபடி பிரியத் தொடங்குகின்றன. சில வாரத்தில் துண்டின் அடியில் வெளிறிய ஒரு வீக்கம் தெரியும். இன்ன உறுப்பு என்று சொல்ல முடியாத கலக்கூட்டம் அது. கட்டி என்றே சொல்லலாம்.

அந்தக் கட்டி வேராக மாற வேண்டும். மாற்றுவது இரண்டு சுரப்புகளின் விகிதம். மேலே உள்ள இலையும் மொட்டும் ஆக்சின் என்ற பொருளைச் சுரக்கின்றன. அது தண்டு வழியே கீழே இறங்கி வெட்டுவாயில் தேங்குகிறது. மற்றொன்று சைட்டோகைனின். 1957-ல் அமெரிக்காவில் ஃபோக் ஸ்கூக்கும் கார்லோஸ் மில்லரும் புகையிலைத் தண்டின் நடுச்சோற்றை இந்த இரண்டின் கலவைகளில் வளர்த்துப் பார்த்தார்கள். ஆக்சின் மிகுந்தால் வேர் வந்தது. சைட்டோகைனின் மிகுந்தால் தளிர் வந்தது. இரண்டும் ஒத்திருந்தால் கட்டி மட்டும் பெருத்துக்கொண்டே போனது. தவறணையில் இலையோடு சேர்த்துத் துண்டு எடுப்பதன் காரணம் இதில் விளங்கும். இலை உணவும் தருகிறது, வேரை வரச்சொல்லும் செய்தியையும் அனுப்புகிறது.

தவறணை வேலை தெரிந்தவர்கள் மண்ணில் எந்த அளவு கவனமாக இருப்பார்கள் என்பதும் இங்கேதான் தெரியும். தேயிலைத் துண்டுக்குப் புளித்த மண் வேண்டும், பீ.எச். அளவு ஏறத்தாழ 4.5 முதல் 5.5 வரை. சுண்ணாம்பு கலந்த மண்ணில் ஊன்றினால் துண்டு சாகாது. இலை பச்சையாகவே இருக்கும். பிடுங்கிப் பார்த்தால் அடியில் பெரிய கட்டி ஒன்று இருக்கும், வேர் இருக்காது. கலங்கள் சோம்பிவிடவில்லை. ஓயாமல் பிரிந்திருக்கின்றன. எங்கே நிறுத்தி எந்த வேலையை ஏற்க வேண்டும் என்ற செய்தி மட்டும் அவற்றை எட்டவில்லை. தவறணையில் எத்தனை கன்று பிழைக்கும் என்பது எத்தனை கலம் பிரிந்தது என்பதைப் பொறுத்ததல்ல. பிரிந்தவை நேரத்துக்கு நின்று வேராகினவா என்பதைப் பொறுத்தது.

சரியாகப் போனால் இரண்டு மூன்று மாதத்தில் வேர், ஒரு வருடத்துக்குள் மலைக்குப் போகத் தயாரான கன்று. சென் கூம்ஸில் இருந்த செடியின் அதே 30 நிறமூர்த்தங்கள், இப்போது நோட்டன் பிரிட்ஜ் மண்ணில்.

மொட்டுக்குள்

கன்றை நட்டதும் அதன் போக்கில் விட்டால் அது மரமாகப் போகும். கவனிப்பாரற்ற தேயிலை பல மீற்றர் உயரத்துக்கு ஓங்கி, பூத்துக் காய்த்து நிற்கும். இடுப்புயரத்தில் நிற்கும் செடி மனிதக் கையால் ஆனது. நடுத்தண்டை வெட்டி, கிளைகளைப் பக்கவாட்டில் பரவவிட்டு, மேலே ஒரே மட்டமாகப் பறித்துப் பறித்து அதை ஆக்குகிறார்கள்.

அந்த மட்டத்தில் ஒரு கொழுந்தை அருகில் எடுத்துப் பார்ப்போம். இரண்டு இலை, நடுவில் சுருண்ட மொட்டு. மொட்டின் மேல் வெள்ளி மயிர். ஊசியால் உறையை ஒவ்வொன்றாக நீக்கினால், உள்ளே இன்னும் விரியாத இலைகள் ஒன்றையொன்று பொத்திக்கொண்டிருக்கும். எல்லாவற்றுக்கும் நடுவில் கண்ணுக்குப் புலப்படாத சிறு குமிழ் ஒன்று. செடியின் மேற்பகுதி முழுவதும், இலை தண்டு பூ எல்லாம், இப்படிப்பட்ட குமிழ்களிலிருந்து வந்தவைதான்.

குமிழில் ஒரு கலம் பிரியும்போது நடப்பது இது. முதலில் கலம் வளர்கிறது. பிறகு தன் 30 நிறமூர்த்தங்களையும் ஒவ்வொன்றாகப் பிரதி எடுக்கிறது. பிரதியில் பிழை இருக்கிறதா என்று சரிபார்க்கிறது. அடுத்து, தாவரக் கலத்துக்கே உரிய ஒரு காரியம் நடக்கிறது. கலத்தின் உட்சுவரை ஒட்டி நுண்ணிழைகளால் ஆன ஒரு வளையம் தோன்றுகிறது. 1966-ல் பிக்கெட்-ஹீப்ஸும் நார்த்கோட்டும் கோதுமைச் செடியில் இதைக் கண்டு எழுதினார்கள். கொஞ்ச நேரத்தில் வளையம் மறைந்துவிடும். நிறமூர்த்தங்கள் நடுவில் அணிவகுத்து, இரு பக்கமும் இழுபட்டு, முப்பது முப்பதாகப் பிரியும். கடைசியில் இரண்டு கலங்களுக்கும் நடுவே புதுச் சுவர் எழும். அது எழுவது, மறைந்துபோன வளையம் எங்கே இருந்ததோ அதே இடத்தில். சுவருக்குள் அடைபட்ட தாவரக் கலத்தால் இடம் மாற முடியாது. ஆகவே எந்தத் திசையில் சுவர் எழுப்புவது என்பதை முன்பே முடிவு செய்துவிடுகிறது. இலை தட்டையாக இருப்பதும் தண்டு நீளமாக இருப்பதும் இந்த முடிவுகளின் மொத்தம்தான்.

இதில் ஒவ்வொரு படியிலும் சோதனை உண்டு. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் பேர் விழாமல் யாரும் மலைக்கு ஏற முடியாதது போல, அனுமதி கிடைக்காமல் எந்தக் கலமும் அடுத்த படிக்குப் போக முடியாது. அனுமதி தருபவை சைக்ளின் என்ற புரதங்களும் அவற்றோடு கூடிச் செயல்படும் நொதிகளும். 1982-ல் டிம் ஹன்ட் கடல் முள்ளெலியின் முட்டைகளில் ஒரு விந்தையைக் கண்டார். ஒரு புரதம் மெல்லச் சேர்கிறது, பிரிவு நடக்கும் தறுவாயில் திடீரென்று காணாமல் போகிறது, மறுபடி சேர்கிறது. லீலண்ட் ஹார்ட்வெலும் பால் நர்ஸும் ஈஸ்ட்டை வைத்து வேறு பக்கத்திலிருந்து அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். மூவருக்கும் 2001-ல் நோபல் பரிசு கிடைத்தது. கடல் முள்ளெலிக்கும் ஈஸ்ட்டுக்கும் மனிதனுக்கும் தேயிலைக்கும் இந்த ஏற்பாடு அடிப்படையில் ஒன்றே.

தாவரத்தில் முதல் அனுமதியைத் தரும் சைக்ளினை எழுப்புவது இரண்டு விடயங்கள். ஒன்று சைட்டோகைனின். மற்றொன்று சர்க்கரை. வேர் மண்ணிலிருந்து நைட்ரஜனை எடுக்க எடுக்கச் சைட்டோகைனின் மேலே ஏறுகிறது. இலை வெயிலில் சர்க்கரை செய்கிறது. இரண்டும் போதுமான அளவு வந்தால்தான் கலம் ‘சரி’ என்கிறது. 2021-ல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது தேயிலைக்கு நேர்ந்ததை இதை வைத்துப் புரிந்துகொள்ளலாம். அந்த வருடம் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் உற்பத்தி, 2022-ல் 25 கோடி கிலோ அளவுக்கு இறங்கியது. வேறு காரணங்களும் உண்டு, ஆனால் உரமின்மை பெரிய காரணம். செடிகள் சாகவில்லை. நைட்ரஜன் இல்லாமல் மொட்டுகள் தங்கள் அனுமதியைக் குறைத்துக்கொண்டன. கூடை நிரம்பாதபோது கிலோவுக்குக் கூலி வாங்கும் பெண்ணின் சம்பளமும் குறைந்தது.

கிள்ளும் விரல்

கொழுந்தின் நுனி இருக்கும்வரை, அதற்குக் கீழே ஒவ்வொரு இலையின் அக்குளிலும் உள்ள மொட்டுகள் பிரியாமல் காத்திருக்கின்றன. 1933-ல் கென்னத் திமானும் ஃபோக் ஸ்கூக்கும் அவரைச் செடியில் இதைச் சோதித்தார்கள். நுனியை வெட்டினால் பக்க மொட்டுகள் வளர்ந்தன. வெட்டிய இடத்தில் ஆக்சினை வைத்தால் நுனி இல்லாவிட்டாலும் மொட்டுகள் அடங்கியே இருந்தன. நுனியின் ஆக்சின்தான் கீழ் மொட்டுகளைத் தடுக்கிறது என்று நீண்ட காலம் நம்பினார்கள். 2014-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பட்டாணிச் செடியில் இன்னும் ஓர் அடுக்கைக் கண்டார்கள். நுனியைக் கிள்ளியதும், ஆக்சின் குறைந்த செய்தி கீழே போய்ச் சேருவதற்கு முன்பே பக்க மொட்டு விழித்துக்கொள்கிறது. நுனிக்குப் போய்க்கொண்டிருந்த சர்க்கரை சில மணி நேரத்துக்குள் அதற்குத் திரும்பிவிடுவதே காரணம்.

இப்போது மலைக்கு வருவோம். படங்கு கட்டி, கூடை மாட்டி, மட்டக்கம்பை வைத்து நிரை பிடிக்கும் ஒரு பெண் நாள் முழுவதும் செய்வது இதுதான். இரண்டு இலையும் மொட்டுமாக ஒரு கொழுந்தை ஒடிக்கும் கணத்தில், கீழே ஓர் அக்குளில் தூங்கிய கலங்களுக்கு அனுமதி கிடைக்கிறது. அடுத்த ஆறு முதல் பத்து வாரங்களில் அங்கிருந்து புதுக் கொழுந்து வரும். முன்பு திறந்துவிட்ட மொட்டுகள் வெவ்வேறு வயதில் அதே செடியில் நிற்கின்றன. சில பறிக்கத் தயார். சில இன்னும் அரும்பு. அடுத்த சுற்றில் வரும்போது அரும்பு கொழுந்தாகியிருக்க வேண்டும், ஆகவே அதை விட வேண்டும். விரல் அதைத் தொட்டுவிட்டு விலகுவது ஒரு நொடிக்கும் குறைந்த நேரத்தில் எடுத்த முடிவு.

சில மொட்டுகள் பறிக்காமலேயே ஓய்ந்துவிடும். நான்கைந்து இலை விரிந்ததும் நுனி மொட்டு சிறுத்து, கடினமாகி, அப்படியே நிற்கும். தொழிலில் இதைப் ‘பஞ்ஜி’ என்பார்கள். அதன் காரணத்தைத் தேடிய முக்கியமான ஆய்வுகளில் ஒன்று சென் கூம்ஸில் நடந்தது. டி. ஈ. டி. பாண்ட் என்பவர் மொட்டுகளை வெட்டிப் பார்த்து, 1942-லும் 1945-லும் கட்டுரைகள் எழுதினார். மொட்டுக்குள் புது இலைகள் உருவாகும் வேகம் ஒன்று, அவை விரியும் வேகம் இன்னொன்று. விரிவது முந்திவிட்டால் உள்ளே இருப்பு தீர்ந்துபோகிறது. இருப்பு மறுபடி சேரும்வரை மொட்டு வெளியே அசையாது. வெளியே உறக்கம் போலத் தெரியும் காலத்தில் உள்ளே வேலை நடக்கிறது.

அசாமில் இந்தச் செடியின் உறவுகள் குளிர்காலத்தில் மாதக்கணக்கில் இப்படி ஓய்ந்துவிடும். பகல் குறுகுவது அதற்கு முக்கிய காரணம், அங்கே குறுகிய பகல் பத்தரை மணி நேரமே. இலங்கையில் வருடத்தின் மிகக் குறுகிய பகல் கூட பதினொன்றரை மணி நேரத்துக்கு மேல். அதனால் இங்கே ஒரு மலை முழுவதும் ஒரே காலத்தில் ஓய்வதில்லை. மொட்டுகள் தனித்தனியே ஓய்ந்து தனித்தனியே எழுகின்றன. வடக்கே ஒரு பருவப் பயிராக இருந்தது இங்கே வருடம் முழுக்கப் பறிக்கும் பயிரானது அதனால்தான். மலையகப் பெண்ணுக்கு மழையிலும் பனியிலும் ஓய்வில்லாமல் போனதற்கும் அதுவே காரணம்.

கவ்வாத்து

நான்கைந்து வருடத்துக்கு ஒரு முறை செடிக்குக் கவ்வாத்துக் காலம் வரும். மட்டம் உயர்ந்து, கிளைகள் சிக்குண்டு, பஞ்ஜி மிகுந்துவிடும். கத்தி எல்லாவற்றையும் இறக்கிவிடும். பச்சை மலை சில நாளில் குச்சிக் காடாகும்.

இலையே இல்லாத செடி சர்க்கரைக்கு என்ன செய்யும்? வேரில் சேர்த்துவைத்த மாச்சத்தைக் கரைத்து மேலே அனுப்பும். அதனால்தான் கவ்வாத்துக்கு முன் சில வாரம் பறிக்காமல் செடிக்கு ஓய்வு கொடுப்பதும், வேரை வெட்டி அயோடின் ஊற்றிப் பார்ப்பதும். வெட்டுவாய் கருநீலமானால் மாச்சத்து இருக்கிறது, வெட்டலாம். நிறம் மாறாவிட்டால் பொறுக்க வேண்டும். சில தோட்டங்களில் ஒன்றிரண்டு இலைக்கிளைகளை விட்டு வெட்டுவதும் உண்டு, புதுத்தளிர் வரும்வரை செடி அவற்றைக் கொண்டு மூச்சு விடட்டும் என்று. மாச்சத்து இல்லாமல் வெட்டிய செடியில் மொட்டுகளுக்கு நுனியின் தடை விலகியிருக்கும், ஆனால் பிரிவதற்குத் தேவையான உணவு இருக்காது. அப்படிச் செத்துப்போன செடிகளின் வெற்றிடங்கள் பல மலைகளில் கண்ணில் படும்.

சரியாக வெட்டினால், பட்டைக்கு அடியில் வருடக்கணக்கில் அடங்கிக் கிடந்த மொட்டுகள் எழும். செடி இளமைக்குத் திரும்பிவிட்டது என்பார்கள். உண்மையில் அந்த மொட்டுகளின் கலங்கள் அதுவரை பிரியாமல் காத்திருந்தவை.

கட்டுப்பாடு தவறும்போது

இந்தக் கட்டுப்பாடு நம் உடம்பிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. எலும்பு மச்சையிலும் குடலின் உட்புறத்திலும் கலங்கள் நாள்தோறும் பிரிகின்றன. மூளையின் நரம்புக் கலங்கள் பெரும்பாலும் பிரிவதில்லை. பிரதியில் பிழை வந்தால் கலத்தை நிறுத்தி வைக்கும், திருத்த முடியாவிட்டால் சாகச் செய்யும் புரதம் ஒன்று உண்டு. பீ53 என்ற அது 1979-ல் கண்டறியப்பட்டது. மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழ பாதியில் அதன் மரபணு பழுதாகியிருக்கிறது. புற்றுநோயின் தொடக்கம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நிற்க வேண்டிய கலம் நிற்காமல் போகிறது.

அதை நிறுத்தும் மருந்துகளில் ஒன்று நம் லயத்து வாசல்களிலேயே பூக்கிறது. பட்டிப்பூ என்கிறோம், நித்தியகல்யாணி என்றும் சொல்வார்கள். மடகாஸ்கரிலிருந்து உலகமெங்கும் பரவிய செடி. அதிலிருந்து வின்பிளாஸ்டினை 1958-ல் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்ல்ஸ் பியரும் பிரித்தெடுத்தார்கள். அதன் உறவான வின்கிறிஸ்டின் பின்னால் வந்தது. நிறமூர்த்தங்களை இரு பக்கமும் இழுக்கும் நுண்ணிழைகளை இவை கட்டவிடாமல் தடுக்கின்றன. இழைகள் சரியாகப் பூட்டும்வரை கலம் பிரியாது என்ற சோதனை அங்கே காவலிருப்பதால், கலம் அந்தப் படியிலேயே நின்று கடைசியில் அழிந்துபோகிறது. சிறுபிள்ளைகளின் இரத்தப் புற்றுநோய் பலருக்கும் குணமாவதில் வின்கிறிஸ்டினுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தப் பூச்செடியை வீட்டில் அவித்துக் குடிப்பது ஆபத்து. மருந்தாகத் தருவதும் அளந்து, வைத்தியசாலையில் மட்டும்.

ஒரே கலத்தின் வழிவந்தவையாக மலை முழுவதும் நிற்பதிலும் ஆபத்து உண்டு. ஒரு நோய்க்கு ஒரு செடி இடம்கொடுத்தால் மலையே இடம்கொடுக்கும். இலைத்துரு கோப்பியை விழுங்கிய மண் இது. விதைத் தேயிலையின் நூறு விதங்களில் ஒரு நோயைத் தாங்கும் சில இருக்க வாய்ப்பு உண்டு. அந்தப் பழைய மலைகளை முழுவதும் பிடுங்கி எறிவதற்கு முன், அவற்றில் நல்லவற்றைத் தேடிக் காத்து வைக்க வேண்டும். நாளைய 2025 அவற்றில் ஒன்றாக இருக்கலாம்.

யாருடைய அறிவு

தோட்டங்களில் ஆள் குறைகிறது. பிள்ளைகள் கொழும்புக்குப் போகிறார்கள், போகத்தான் வேண்டும். பறிக்கும் கத்தரிகளும் இயந்திரங்களும் வந்துவிட்டன. கத்தரி மட்டத்துக்கு மேலே உள்ள எதையும் வெட்டும். கொழுந்தும் அரும்பும் முத்தின இலையும் அதற்கு ஒன்றே. அடுத்த சுற்றுக்காகக் காத்திருந்த அரும்பு போய்விடுகிறது. செடிக்கு உணவு செய்ய விட்டிருந்த இலையும் போய்விடுகிறது. இயந்திரத்தை ஒதுக்க வேண்டுமென்று நான் சொல்லவில்லை, முதுகு வலி தெரிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அரும்பை விட்டுக் கொழுந்தை எடுக்கும் அறிவு எத்தனை பெறுமதியானது என்பதை இயந்திரம் வந்த பிறகாவது தோட்ட நிர்வாகங்கள் கணக்கில் எடுக்க வேண்டும். கிலோவை மட்டும் நிறுக்கும் தராசு, விட்டுவந்த அரும்புகளை நிறுப்பதில்லை. அடுத்த மாதக் கூடை அவற்றிலிருந்துதான் வருகிறது. அந்த அறிவுக்கும் கூலி வேண்டும்.

பள்ளிக்கூடத்திலும் ஒன்று செய்யலாம். உயர்தர வகுப்பில் கலப்பிரிவைக் காட்ட வெங்காய வேர் நுனியை நசுக்கி நுணுக்குக்காட்டியில் வைக்கிறோம். நல்லதுதான். நோட்டன் பிரிட்ஜ், மஸ்கெலியா, ஹட்டன் பிள்ளைகளுக்கு அதோடு பக்கத்துத் தவறணையிலிருந்து வேர்விட்ட ஒரு தேயிலைத் துண்டையும், சுண்ணாம்பு மண்ணில் கட்டி மட்டும் கட்டிய இன்னொரு துண்டையும் மேசையில் வைத்துக் காட்டலாம். ஒன்றில் கலங்கள் பிரிந்து, நின்று, வேராகியிருக்கும். மற்றதில் பிரிந்துகொண்டே இருந்திருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் புரிந்துகொண்ட பிள்ளைக்குப் புற்றுநோயியலின் முதல் பாடம் விளங்கிவிடும். தன் தாய் தினமும் செய்வது கலப்பிரிவைக் கட்டுப்படுத்தும் வேலை என்பதும் விளங்கும். அதைப் பரீட்சைத் தாளில் பெருமையோடு எழுதும் பிள்ளைகள் இந்த மலைகளிலிருந்து வர வேண்டும்.